ஸ்டௌட் பாதியில் நின்றுவிட்டால்: ஈஸ்ட்டைத் தொடும் முன்பு

பத்தாம் நாள். வீட்டில் காய்ச்சிய பீர் நொதிக்கும் வாளியில் நுரை அடங்கிவிட்டது, ஏர்லாக்கில் (வாயுவை வெளியே விட்டு, காற்றை உள்ளே விடாத மூடிக்குழாய்) அசைவில்லை, பீரின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் 1.030-ல் நிற்கிறது. தண்ணீருக்கு 1.000; பீரில் சர்க்கரை தீரத்தீர எண் இறங்கும். கணக்குப்படி 1.016-க்கு வந்திருக்க வேண்டிய ஸ்டௌட், அதாவது வறுத்த தானியம் சேர்த்த கறுப்பு பீர். உடனே கை போவது இன்னொரு ஈஸ்ட் பாக்கெட்டுக்குத்தான். பிரித்துத் தூவி, மூடிவைத்து, ஒரு வாரம் கழித்து அளந்தால் அதே 1.030.

வெளிர் நிற ஏல் பீர் நின்றுபோனால் முதலில் ஈஸ்ட்டைச் சந்தேகிப்பது சரி. கறுப்பு பீரில் அந்த அவசரம் உதவாது. வறுத்த பார்லி, சாக்லேட் மால்ட், கிரிஸ்டல் மால்ட் (மால்ட் என்பது முளைகட்டி உலர்த்திய தானியம்), ஓட்ஸ் என்று ஸ்டௌட்டுக்குள் போகும் பாதிப் பொருட்கள் ஈஸ்ட் தின்ன முடியாத மிச்சத்தை விட்டுவைப்பவை. ஆகவே முதலில் தெரிய வேண்டியது ஒன்றுதான்: வாளியில் ஈஸ்ட்டுக்குத் தீனி இன்னும் இருக்கிறதா, தீர்ந்துவிட்டதா? இதை 300 மில்லி பீரை வைத்து இரண்டே நாளில் கண்டுபிடித்துவிடலாம். விடை தெரியாமல் செய்யும் எந்த வைத்தியமும் குருட்டு வைத்தியம்.

கீழே வரும் அளவுகள் எல்லாம் 20 லிட்டர் வாளிக்கு, 1.065-ல் தொடங்கிய ஸ்டௌட்டுக்கு. வீட்டில் பீர் காய்ச்சுவதைச் சட்டம் அனுமதிக்கும் நாடுகளில் இருப்பவர்களுக்காக எழுதப்பட்டது இது. பிரிட்டனில் 1963-லிருந்து சொந்தப் பயன்பாட்டுக்கு உரிமம் வேண்டியதில்லை. கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் சொந்தப் பயன்பாட்டுக்குக் காய்ச்சலாம். தமிழ்நாட்டில் 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி இது குற்றம்.

முதலில் அளவுகோலைச் சோதியுங்கள்

ஏர்லாக் குமிழியை நம்பவே வேண்டாம். மூடியின் ரப்பர் வளையம் கொஞ்சம் விலகியிருந்தால் வாயு அந்த வழியாகப் போய்விடும். உள்ளே நொதித்தல் மும்முரமாக நடக்க, ஏர்லாக் சும்மா கிடக்கும். இதன் மறுபக்கமும் உண்டு. அறை சூடேறினால் கரைந்திருந்த கார்பன் டை ஆக்சைடு வெளியேறும், நொதித்தல் முடிந்த வாளியும் குமிழி விடும்.

ஹைட்ரோமீட்டரைக் குழாய்த் தண்ணீரில் சோதிப்பதைவிடக் காய்ச்சி வடித்த நீரில், 20 டிகிரியில் சோதியுங்கள். 1.000 காட்ட வேண்டும். சில பழைய பிரிட்டிஷ் ஹைட்ரோமீட்டர்கள் 15.5 டிகிரிக்கு அளவிடப்பட்டவை. தண்டுக்குள் இருக்கும் காகிதத்தில் அது அச்சாகியிருக்கும். 1.003 காட்டினால் எல்லா அளவிலும் மூன்று புள்ளியைக் (0.001 ஒரு புள்ளி) கழித்துக்கொள்ளுங்கள்.

ஸ்டௌட்டை அளப்பதில் மட்டும் வரும் சிக்கல் ஒன்று இருக்கிறது. வெளிர் பீரில் கண்ணாடிக் குழாயின் பக்கவாட்டில் பார்த்து, திரவ மட்டத்தின் அடிவிளிம்பைப் படிப்போம். ஸ்டௌட் கரிய திரவம், அடிவிளிம்பு தெரியாது. தண்டை ஒட்டி மேலே ஏறியிருக்கும் மெல்லிய விளிம்பைத்தான் படிக்க முடியும். தண்டில் எண்கள் மேலே போகப்போகக் குறையும் என்பதால் அந்த விளிம்பு உண்மையைவிடச் சற்றுக் குறைவாகக் காட்டும். ஒரு புள்ளியைக் கூட்டிக்கொண்டால் போதும். வாயுக் குமிழிகள் தண்டில் ஒட்டிக்கொண்டு ஹைட்ரோமீட்டரை மேலே தூக்கிவிடுவது இதைவிடப் பெரிய பிழை. மாதிரியை இரண்டு டம்ளர்களுக்கு இடையே காப்பி ஆற்றுவது போல ஏழெட்டு முறை ஆற்றி, நுரை அடங்கும்வரை வைத்து, பிறகு அளக்க வேண்டும். ஹைட்ரோமீட்டரை விரலால் ஒரு சுழற்றுச் சுழற்றி விட்டால் ஒட்டியிருக்கும் குமிழிகள் உதிரும்.

ரிஃப்ராக்டோமீட்டர் வைத்திருப்பவர்கள் இங்கேதான் அதிகம் ஏமாறுகிறார்கள். அந்தக் கருவி ஒளி வளைவதை வைத்துச் சர்க்கரையை அளக்கிறது. ஆல்கஹாலும் ஒளியை வளைக்கும். நொதித்தல் தொடங்கிய பிறகு அது காட்டும் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. 1.060-ல் தொடங்கிய பீர் 1.016-க்கு அழகாக இறங்கி முடிந்திருந்தாலும் ரிஃப்ராக்டோமீட்டர் ஏறத்தாழ 8 பிரிக்ஸ் (சர்க்கரைச் சதவீத அளவு) காட்டும். அதை அப்படியே மாற்றினால் 1.032. நின்றுபோய்விட்டது என்று பதறத் தேவையில்லாத பீர் அது. நொதித்த பீருக்கு ஹைட்ரோமீட்டரே சரி, அல்லது தொடக்க பிரிக்ஸையும் சேர்த்துக் கணக்கிடும் திருத்தக் கணிப்பான்.

அளவு நிச்சயமானதும், 48 மணி நேரம் விட்டு மறுபடி அளங்கள். 1.030, பிறகு 1.028 என்றால் அது நிற்கவில்லை, மெதுவாகப் போகிறது. தொந்தரவு செய்யாமல் விட்டுவிடுங்கள்.

இந்த பீர் எங்கே முடிய வேண்டியது?

எல்லா ஸ்டௌட்டும் ஒரே இடத்தில் முடியாது. ஐரிஷ் ட்ரை ஸ்டௌட் 1.007-லிருந்து 1.011-க்குள் முடியும். ஓட்மீல் ஸ்டௌட் 1.010 முதல் 1.018 வரை, ஸ்வீட் ஸ்டௌட் 1.012 முதல் 1.024 வரை. இம்பீரியல் ஸ்டௌட் 1.018 முதல் 1.030 வரை போகும். 1.100-ல் தொடங்கிய இம்பீரியல் 1.028-ல் நின்றால் அது நிற்கவில்லை, முடிந்திருக்கிறது.

ஈஸ்ட் பாக்கெட்டில் போட்டிருக்கும் அட்டென்யுவேஷன் சதவீதத்தை (தொடக்கப் புள்ளிகளில் எத்தனை சதவீதத்தை ஈஸ்ட் இறக்கும் என்பது) வைத்து ஒரு மனக்கணக்குப் போடலாம். 1.065, 75 சதவீதம் என்றால் 65-ல் கால்வாசி மிச்சம், அதாவது 16, முடிவு 1.016. ஆனால் இந்தக் கணக்கு சாதாரண வோர்ட்டுக்கானது (வோர்ட் என்பது நொதிக்கும் முன்பிருக்கும் மால்ட் சாறு). உங்கள் செய்முறையில் கீழ்க்கண்டவை இருந்தால் எதிர்பார்ப்பை உயர்த்திக்கொள்ளுங்கள்.

லாக்டோஸ் என்கிற பால் சர்க்கரையை ஏல் ஈஸ்ட் தொடாது. 500 கிராம் லாக்டோஸ் 20 லிட்டரில் எட்டொன்பது புள்ளிகளைத் தந்து, அந்தப் புள்ளிகள் கடைசிவரை அப்படியே இருக்கும். மில்க் ஸ்டௌட் "நின்றுவிட்டது" என்று சொல்லப்படும்போது முதலில் இதைக் கழித்துப் பார்க்க வேண்டும். மால்டோடெக்ஸ்ட்ரினும் ஏறக்குறைய இதே கதைதான். கிரிஸ்டல் மால்ட்டும் வறுத்த பார்லியும் சேர்ந்து மொத்த தானியத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டினால் இரண்டு மூன்று புள்ளி மேலே நிற்பது சகஜம். டப்பாவில் வரும் டார்க் மால்ட் எக்ஸ்ட்ராக்ட் மட்டும் வைத்துச் செய்யும் பீர் 1.020 பக்கத்தில் முடிவதும் அடிக்கடி நடப்பதுதான். அந்த எக்ஸ்ட்ராக்ட்டில் எந்தெந்த மால்ட் எவ்வளவு, எந்த வெப்பத்தில் ஊறியது என்பது நம் கையில் இல்லை.

அடுத்தது ஈஸ்ட் வகை. இதைக் கவனிக்காமல் விடுகிறவர்கள் நிறையப் பேர். வோர்ட்டில் உள்ள சர்க்கரையில் பாதிக்கு மேல் மால்டோஸ். அதற்கு அடுத்தபடியாக 15 சதவீதம் அளவுக்கு மால்டோட்ரையோஸ். விண்ட்சர், லண்டன் ஈஎஸ்பி, எஸ்-33 ஆகிய உலர் ஈஸ்ட்கள் இந்த மால்டோட்ரையோஸைத் தின்னாது. விண்ட்சர் போட்ட 1.065 ஸ்டௌட் 1.022, 1.024-ல் நின்றால் அது தன் வேலையைச் சரியாக முடித்திருக்கிறது. மேலே இன்னொரு விண்ட்சர் பாக்கெட்டைப் போட்டால் ஒன்றும் ஆகாது. நாட்டிங்ஹாம் போட்டால் இறங்கும், ஏனென்றால் நாட்டிங்ஹாமும் யுஎஸ்-05-ம் மால்டோட்ரையோஸைத் தின்னக்கூடியவை.

தீனி இருக்கிறதா: கட்டாய நொதிப்புச் சோதனை

மது ஆலைகளில் அன்றாடம் செய்யும் சோதனை இது. வீட்டில் செய்ய ஒரு கண்ணாடி பாட்டிலும் மூன்று கிராம் ஈஸ்ட்டும் போதும்.

1. கிருமி நீக்கிய குழாய் அல்லது பைப்பெட்டால் வாளியிலிருந்து 300 மில்லி பீரை ஒரு லிட்டர் பாட்டிலில் எடுங்கள். பாதிக்கு மேல் காலியாக இருப்பது நல்லது, நுரைக்கு இடம் வேண்டும்.
2. புதிய நாட்டிங்ஹாம் அல்லது யுஎஸ்-05 பாக்கெட்டிலிருந்து 3 கிராம் தூவுங்கள். தண்ணீரில் கரைத்து ஊற்ற வேண்டாம். தண்ணீர் கலந்தால் அளவு பொய்யாகும்.
3. வாயை அலுமினியத் தாளால் தளர்வாக மூடி, 25 முதல் 27 டிகிரி வெப்பத்தில் வையுங்கள். அடுப்பு அவனில் விளக்கை மட்டும் எரியவிட்டு இட்லி மாவு பொங்கவைக்கும் வழக்கம் இருந்தால் அதே இடம் பொருத்தம். ஆனால் வெப்பமானியை உள்ளே வைத்து ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள், சில அவன்களில் அந்த விளக்கே 35-ஐத் தாண்டவைக்கும்.
4. போகும்போதும் வரும்போதும் பாட்டிலை நன்றாகக் குலுக்குங்கள். காற்று கலந்தாலும் கவலையில்லை, இது குடிக்கும் பீர் அல்ல.
5. 48 மணி நேரம் கழித்து ஈஸ்ட் அடியில் படியவிட்டு, மேல்பீரை ஆற்றி, 20 டிகிரியில் அளங்கள்.

வாளி 1.030, சோதனை பாட்டில் 1.017 என்றால் பதின்மூன்று புள்ளிக்குத் தீனி மிச்சம் இருக்கிறது. ஈஸ்ட்தான் சோர்ந்துவிட்டது, அதை எழுப்பலாம். பாட்டிலும் 1.028, 1.029-ல் நின்றால் இருந்த தீனி தீர்ந்துவிட்டது. எத்தனை பாக்கெட் கொட்டினாலும் அந்த வாளி இறங்காது.

நேரமிருந்தால் இரண்டு பாட்டில் வையுங்கள். ஒன்றில் முதலில் போட்ட அதே ஈஸ்ட், இன்னொன்றில் நாட்டிங்ஹாம். அதே ஈஸ்ட் இறங்காமல் நாட்டிங்ஹாம் மட்டும் ஆறேழு புள்ளி இறக்கினால், மிஞ்சியிருப்பது மால்டோட்ரையோஸ் என்று அனேகமாகச் சொல்லிவிடலாம்.

சோதனை முடிந்த மாதிரியைக் கொட்டிவிடுங்கள். வாளிக்குள் திருப்பி ஊற்றக் கூடாது.

தீனி இருந்தால்: ஈஸ்ட்டை எழுப்பும் வரிசை

முதலில் சூடு. நொதித்தல் உச்சத்தில் இருக்கும் இரண்டு மூன்று நாட்களும் ஈஸ்ட்டே சூட்டை உண்டாக்கி, வாளியை அறையைவிட 2 முதல் 4 டிகிரி கூடுதலாக வைத்திருக்கும். வேகம் தணிந்ததும் அந்தச் சூடு போய்விடும். பீர் அறை வெப்பத்துக்கு இறங்கிவிடும். ஆங்கில வீடுகளில் ஜனவரி இரவில் ஹீட்டிங்கை அணைத்தால் அறை 15-க்குப் போவது சாதாரணம். ஈஸ்ட்டுக்குக் கடைசிக் கடினமான வேலை மிச்சம் இருக்கும் சமயத்தில்தான் இந்தக் குளிர் வந்து அடிக்கிறது. எஸ்-04, ஐரிஷ் ஏல் போன்ற வகைகள் குளிர் பட்டதும் திரள்திரளாகக் கூடி அடியில் உட்கார்ந்துவிடும்.

பீரை 21, 22 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள். வாளியைப் பெரிய தொட்டித் தண்ணீரில் இறக்கி, மீன்தொட்டி ஹீட்டரை 22-ல் வைப்பது மலிவான, சீரான வழி. ஹீட் பெல்ட் கட்டுவதாக இருந்தால் வாளியின் கீழ்ப்பாதியில் கட்டி, வெப்பமானியின் உணர்கம்பியை வாளிச் சுவரில் டேப்பால் ஒட்டி, அதன்மேல் குமிழித்தாளைப் போர்த்துங்கள். இல்லாவிட்டால் அது அறையின் வெப்பத்தைத்தான் காட்டும். ஒரே மூச்சில் ஏற்ற வேண்டாம். ஒரு நாள் முழுக்க எடுத்துக்கொண்டு ஏற்றுங்கள்.

சூடு ஏறியதும் அடியில் படிந்ததைக் கிளப்ப வேண்டும். மூடியைத் திறக்காமல் வாளியை இரண்டு கையாலும் பிடித்து இடவலமாகத் திருகித் திருகி, உள்ளே சுழல் வரச் செய்யுங்கள். காலை ஒருமுறை, இரவு ஒருமுறை, மூன்று நாள். கண்ணாடி ஜாடியாக இருந்தால் அடியில் ஒரு துண்டை வைத்துச் சாய்த்து உருட்டலாம். திறந்துதான் ஆக வேண்டும் என்றால் கிருமி நீக்கிய நீளக் கரண்டியால் அடியை மட்டும் மெல்லக் கிளறுங்கள், மேற்பரப்பில் சலசலப்பு வரக் கூடாது.

இப்படிக் கிளறியதும் ஏர்லாக் மடமடவென்று குமிழி விடும். ஈஸ்ட் எழுந்துவிட்டது என்று மகிழ்ச்சி வரும். அது பெரும்பாலும் கரைந்திருந்த வாயு வெளியேறுவதுதான். மூன்றாம் நாள் ஹைட்ரோமீட்டர் என்ன சொல்கிறதோ அதுதான் செய்தி.

நின்றுபோன ஸ்டௌட்களில் பலவற்றுக்கு இந்தச் சூடும் கிளறலும் போதும். ஐந்து நாளாகியும் அசையவில்லை என்றால் புதிய ஈஸ்ட் வேண்டும். ஆனால் பாக்கெட்டைப் பிரித்து நேரடியாகத் தூவுவதில் பலன் குறைவு. 1.065-லிருந்து 1.030-க்கு வந்த பீரில் ஏற்கெனவே 4.6 சதவீதம் ஆல்கஹால் இருக்கிறது. பிஎச் நாலரைக்குக் கீழே போயிருக்கும், ஆக்சிஜன் இல்லை, எளிதில் தின்னக்கூடிய குளுக்கோஸ் எல்லாம் தீர்ந்துவிட்டது. உலர்ந்த ஈஸ்ட் இந்தச் சூழலில் விழித்தால் வேலை தொடங்குவதற்குள் சோர்ந்துவிடும். ஆறிப்போன பாலில் உறை ஊற்றியது போலத்தான். வேலை செய்துகொண்டிருக்கும் ஈஸ்ட்டைத்தான் உள்ளே விட வேண்டும்.

அதற்கு ஸ்டார்ட்டர் தயார் செய்யுங்கள். ஒன்றரை லிட்டர் தண்ணீரில் 150 கிராம் உலர் மால்ட் எக்ஸ்ட்ராக்ட் கலந்தால் 1.036 அளவில் வோர்ட் கிடைக்கும். பத்து நிமிடம் கொதிக்கவிடுங்கள். கொதிக்கும்போதே அரை டீஸ்பூன் ரொட்டி ஈஸ்ட்டைப் போட்டால் அது செத்து, வரப்போகும் ஈஸ்ட்டுக்குச் சத்தாகும். 20 டிகிரிக்கு ஆறியதும் நன்றாகக் குலுக்கிக் காற்றேற்றி, 11 கிராம் நாட்டிங்ஹாம் அல்லது யுஎஸ்-05 போடுங்கள். இங்கே காற்று வேண்டும், வாளியில்தான் கூடாது. 12 முதல் 18 மணி நேரத்தில் மேலே தடித்த நுரை கட்டும். அந்த நேரத்தில் நின்றுபோன பீர் கால் லிட்டரை ஸ்டார்ட்டரில் ஊற்றுங்கள். நாலு மணி நேரம் கழித்து, நுரை மறுபடி ஏறியிருந்தால், இன்னும் அரை லிட்டர். அதுவும் நுரைத்து வரும்போது மொத்தத்தையும் வாளிக்குள் மெல்லச் சரியுங்கள். இரண்டின் வெப்பமும் மூன்று டிகிரிக்கு மேல் வித்தியாசப்படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நுரை அடங்கி ஈஸ்ட் படிந்தபின் ஊற்றினால் பட்ட பாடெல்லாம் வீண். அது மறுபடி தூங்கப் போன ஈஸ்ட்.

பக்கத்திலேயே நல்ல ஏல் ஒன்று நொதித்து முடிந்திருந்தால் இன்னும் சுலபம். அதை பாட்டிலில் அடைத்த கையோடு, வாளி அடியில் இருக்கும் ஈஸ்ட் படிவில் பாதியை எடுத்துவிட்டு, நின்றுபோன ஸ்டௌட்டைக் குழாய் வழியாக அடிவரை இறக்கி, தெறிக்காமல் அதன்மேல் நிரப்புங்கள். பெரும்பாலும் ஓரிரு நாளில் அசைவு தெரியும்.

செய்யக் கூடாத நான்கு

ஷாம்பேன் ஈஸ்ட் போடச் சொல்லும் அறிவுரை எங்கும் கிடைக்கும். "பலமான ஈஸ்ட், எவ்வளவு ஆல்கஹாலையும் தாங்கும்" என்பார்கள். தாங்கும், உண்மைதான். ஆனால் இசி-1118 போன்ற ஒயின் ஈஸ்ட்கள் மால்டோட்ரையோஸைப் பொதுவாகத் தின்னாது. மிஞ்சியிருப்பதோ பெரும்பாலும் அதுதான். கூடவே இசி-1118 கொல்லி வகை. அது சுரக்கும் நச்சுப் புரதம், உயிரோடு மிச்சமிருக்கும் ஏல் ஈஸ்ட்டையும் கொன்றுவிடும். அதன்பிறகு எந்த ஏல் ஈஸ்ட்டைப் போட்டாலும் பிடிக்காது. பாட்டிலில் அடைக்கப் பயன்படும் சிபிசி-1-ம் இதே குணம் கொண்டது.

நொதித்தல் தொடங்கி ஒரு நாளுக்குப் பிறகு காற்றேற்றக் கூடாது. ஈஸ்ட் உறிஞ்சாமல் விட்ட ஆக்சிஜன் பீரோடு கலந்து, சில வாரங்களில் நனைந்த அட்டைப்பெட்டி வாடை வரவைக்கும். ஸ்டௌட்டின் வறுத்த மணம் கொஞ்ச நாள் மூடிமறைக்கும், பிறகு மேலே வந்துவிடும்.

ஈஸ்ட் சத்துத்தூளைப் பாதி வழியில் கொட்டுவதில் பலன் இல்லை. ஈஸ்ட் அதை வளரும் பருவத்தில்தான் உறிஞ்சும். இப்போது போட்டால் கிருமிகளுக்கு விருந்து. கொதிக்கும் கடைசி பத்து நிமிடத்தில் போட வேண்டிய பொருள் அது.

சர்க்கரை போட்டு "தூண்டிவிடுவது" ஆல்கஹாலை மட்டும் கூட்டும். ஈஸ்ட் புதிதாக வந்த எளிய சர்க்கரையைத் தின்றுவிட்டு மறுபடி படுத்துவிடும், பழைய 1.030-ன் மிச்சம் அப்படியே கிடக்கும்.

தீனி இல்லையென்றால்

இங்கே கோளாறு நடந்தது நொதித்தலுக்கு முன்பு, மால்ட்டைச் சுடுநீரில் ஊறவைக்கும் மாஷ் தொட்டியில். மால்ட்டில் உள்ள பீட்டா அமைலேஸ் என்ற என்சைம் 60 முதல் 65 டிகிரியில் நன்றாக வேலை செய்து மால்டோஸைத் தரும். அதற்கு மேலே போகப்போக விரைவில் சிதைந்துவிடும். ஆல்பா அமைலேஸ் 70 பக்கம் தாக்குப்பிடிக்கும், ஆனால் அது தருவது பெரும்பாலும் ஈஸ்ட் தின்னாத டெக்ஸ்ட்ரின். நீங்கள் 67 என்று நினைத்து ஊறவைத்தது, மூன்று டிகிரி பொய் சொல்லும் வெப்பமானியால் 70 ஆகியிருந்தால், 1.030 அப்போதே எழுதப்பட்டுவிட்டது.

டெக்ஸ்ட்ரினை உடைக்க அமைலோகுளுக்கோசிடேஸ் என்ற என்சைம் கடைகளில் கிடைக்கிறது. பாக்கெட்டில் சொன்ன அளவில் பாதி போட்டாலும் அது தன் வேலையைக் கடைசிவரை செய்துவிடும். மெதுவாகச் செய்யும், அவ்வளவுதான். அதை நடுவில் நிறுத்த வீட்டில் வழியில்லை. 1.065 ஸ்டௌட் 1.002-க்குப் போய் 8.3 சதவீத ஆல்கஹாலோடு, வாயில் கனமில்லாமல் தண்ணீர் போன்ற உடலோடு, வறுத்த பார்லியின் கரிக்கசப்பு மட்டும் நாக்கில் நிற்கும் பீராகிவிடும். இதைப் பரிந்துரைக்க மனம் வரவில்லை. போட்டே தீருவது என்றால், அளவு பத்து நாள் ஒரு புள்ளியும் மாறாமல் நின்ற பிறகே பாட்டிலைத் தொடுங்கள்.

கலப்பதுதான் நல்ல வழி. 10 லிட்டர் ஸ்டௌட்டை 64, 65 டிகிரியில் 90 நிமிடம் ஊறவைத்து, கிரிஸ்டல் மால்ட் இல்லாமல், நாட்டிங்ஹாமில் 1.008-க்கு இறக்குங்கள். 1.026-ல் முடிந்த 20 லிட்டரோடு சேர்த்தால் 30 லிட்டர், 1.020. குடிக்க அருமையாக இருக்கும். கலந்தபின் இரண்டு வாரம் வாளியிலேயே விட வேண்டும். புதிய ஈஸ்ட் பழைய பீரில் தின்ன ஏதாவது கண்டுபிடிக்கலாம்.

இரண்டும் வேண்டாமென்றால் இனிப்பு ஸ்டௌட்டாகவே அடைத்துவிடலாம். அளவு நிலையாக இருக்கிறது என்று சோதனை சொன்ன பீர் அது, பயமில்லை. குளிர்ந்த நீரில் ஊறவைத்து வடித்த கடுங்காப்பி அரை லிட்டர் சேர்த்தால் இனிப்பு அடங்கும்.

பலமான ஸ்டௌட்

இலங்கையின் லயன் ஸ்டௌட் குடித்துப் பழகியவர்கள் அந்த 8.8 சதவீதத்தை வீட்டில் எட்டப் பார்ப்பது இயல்பு. அதற்கு 1.085-ல் தொடங்கி 1.018-ல் முடிய வேண்டும், அறுபத்தேழு புள்ளி. ஒரே பாக்கெட் ஈஸ்ட்டுக்கு இது பெரிய சுமை.

ஏல் ஈஸ்ட்டுக்கு ஒரு மில்லியில், ஒரு டிகிரி பிளேட்டோவுக்கு (பிரிக்ஸ் போன்ற சர்க்கரைச் சதவீத அளவு) 7.5 லட்சம் செல் என்பது நடைமுறை அளவு. 1.065-ல் தொடங்கும் 20 லிட்டருக்கு 24,000 கோடி செல். 1.085-க்கு 30,000 கோடியைத் தாண்டும். புதிய திரவ ஈஸ்ட் பாக்கெட் ஒன்றில் 10,000 கோடி இருக்கும், மாதாமாதம் அதில் கணிசமாகச் சாகும். உலர் ஈஸ்ட் என்றால் 1.060 வரை ஒரு 11 கிராம் பாக்கெட், அதற்கு மேல் இரண்டு. டப்பா கிட்டோடு வரும் 5, 7 கிராம் பாக்கெட்டை நம்பி இந்த வேலையில் இறங்க வேண்டாம்.

வெல்லமோ பிரவுன் சர்க்கரையோ சேர்ப்பதாக இருந்தால் முதல் நாளே போடாதீர்கள். குளுக்கோஸ் நிறைய இருந்தால் ஈஸ்ட் மால்டோஸைத் தின்னும் வேலையைத் தள்ளிப்போடும். குளுக்கோஸ் தீரும்போது களைத்தும் போயிருக்கும். மூன்றாம், நான்காம் நாள், அளவு பாதி இறங்கியபின், கொதிக்கவைத்து ஆற்றிச் சேருங்கள்.

அடுத்த முறை நிற்காமலிருக்க

வெப்பமானியை 65 டிகிரியில் இன்னொரு நல்ல வெப்பமானியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஐஸிலும் கொதிநீரிலும் சரியாகக் காட்டுவது மட்டும் போதாது. ஸ்டௌட்டுக்கு 65, 66-ல் ஒரு மணி நேரம் ஊறவைத்தால் போதும். உடலை வறுத்த தானியமும் ஓட்ஸும் பார்த்துக்கொள்ளும்.

தண்ணீர் மென்மையான ஊர்களில் பிஎச்சைக் கவனியுங்கள். வறுத்த தானியம் அமிலத்தன்மை உடையது. லண்டன், டப்ளின் தண்ணீரில் உள்ள பைகார்பனேட் அந்த அமிலத்தைச் சமன் செய்துவிடும். போர்ட்டரும் (ஸ்டௌட்டுக்கு முன்னோடியான கரும் பீர்) ஸ்டௌட்டும் அந்த ஊர்களில் செழித்ததற்கு இதுவும் காரணம். கிளாஸ்கோ, வான்கூவர், மெல்பர்ன் தண்ணீரில் அந்தக் காப்பு இல்லை. பத்து சதவீதம் வறுத்த பார்லி போட்டால் மாஷ் பிஎச் 5.2-க்குக் கீழே போய் என்சைம்கள் தளர்ந்துவிடும். 5.4 முதல் 5.6 வரை இருக்க வேண்டும். 15 லிட்டர் மாஷ் தண்ணீருக்கு 2, 3 கிராம் சமையல் சோடா போட்டு மறுபடி அளந்து பாருங்கள். அதைவிட எளிது, வறுத்த தானியத்தைத் தனியே அரைத்து வைத்திருந்து மாஷின் கடைசி 15 நிமிடத்தில் மட்டும் சேர்ப்பது. நிறமும் மணமும் அதற்குள் இறங்கிவிடும். முரட்டுக் கசப்பும் குறையும்.

வறுத்த மால்ட்டை நிறத்துக்கும் மணத்துக்கும் கொஞ்சமாகவும், வெளிர் மால்ட்டைச் சர்க்கரைக்கு நிறையவும் போடுவது ஆலைகள் கற்றுக்கொண்ட பாடம். பழுப்பு மால்ட்டிலேயே போர்ட்டர் செய்துவந்த லண்டன் ஆலைகளுக்கு, ஹைட்ரோமீட்டர் புழக்கத்துக்கு வந்த பிறகுதான் அந்த மால்ட் எவ்வளவு குறைவாகத் தருகிறது என்று தெரிந்தது. 1817-ல் டேனியல் வீலர் உருளை வறுப்பானுக்குக் காப்புரிமை பெற்றபின் கரிய மால்ட்டைச் சிறிதளவு போட்டாலே நிறம் கிடைத்தது.

குளிரூட்டிய வோர்ட்டை, ஈஸ்ட் போடும் முன், வாளியோடு ஐந்து நிமிடம் பலமாகக் குலுக்குங்கள். 18 டிகிரியில் தொடங்கி, மூன்றாம் நாள் 20, ஐந்தாம் நாள் 21 என்று ஏற்றிக்கொண்டே போங்கள். குளிர் வந்து ஈஸ்ட்டைப் படியவைக்கும் முன்பே அது வேலையை முடித்துவிடும்.

பாட்டிலில் அடைக்கும் முன்

நின்றுபோன பீரை "இவ்வளவுதான்" என்று அடைத்து, அது பாட்டிலுக்குள் மறுபடி எழுந்தால் கண்ணாடி வெடிக்கும். ஒரு புள்ளி இறங்கினால் ஏறத்தாழ அரை வால்யூம் (பீரின் கன அளவில் பாதி) கார்பன் டை ஆக்சைடு உண்டாகும். 20 லிட்டருக்கு 90 கிராம் சர்க்கரை போட்டு 2 வால்யூமுக்கு அடைத்த ஸ்டௌட் உள்ளே நாலு புள்ளி இறங்கினால் மொத்தம் 4 வால்யூம். சாதாரண பீர் பாட்டில் தாங்குவது மூன்று, மூன்றரை வரைதான்.

ஆகவே கட்டாய நொதிப்புச் சோதனையின் எண்ணும் வாளியின் எண்ணும் இரண்டு புள்ளிக்குள் வர வேண்டும். வாளியின் எண் மூன்று நாள் இடைவெளியில் இரண்டு முறை மாறாமல் இருக்க வேண்டும். அடைக்கும்போது ஒன்றிரண்டு பிளாஸ்டிக் சோடா பாட்டில்களிலும் நிரப்பி, கண்ணாடி பாட்டில்களோடு ஒரே இடத்தில் வையுங்கள். தினமும் அழுத்திப் பாருங்கள். கல் போல இறுகி, அடிப்பாகம் பிதுங்கத் தொடங்கினால் முகம் முழுவதையும் மறைக்கும் பாதுகாப்புக் கவசமும் தடித்த கையுறையும் போட்டுக்கொண்டு, கண்ணாடி பாட்டில்களைக் குளிர்பதனப் பெட்டிக்கு மாற்றி, ஒரு நாள் நன்றாகக் குளிர்ந்தபின் ஒவ்வொன்றாக மூடியை நெம்பி வாயுவை விட்டு, மறுபடி புது மூடி போடுங்கள்.